கழுவிய ரத்தத்தில் நாற்பது நாள்

முதல் மடக்கு தொண்டையைத் தாண்டுவதற்குள்ளேயே முப்புடாதிக்குத் தெரிந்துவிட்டது: ஜெசிந்தா யாரையோ காதலிக்கிறாள்.

டம்ளர் என்னவோ எவர்சில்வர் டம்ளர்தான். காபி குடிக்கிற அதே உயரம், அதே சூடு, ஒரு மூடி மட்டும் கூடுதல். தூத்துக்குடி குருதி மையத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா சாய்வு நாற்காலியில் கையை நீட்டிக் கிடப்பாள். அவளிடமிருந்து குழாய் வழியாக இறங்குவது இந்தப் பக்கம் டம்ளரில் நிறையும். ஏழு நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும், ஆறிப்போனால் வயிறு ஏற்காது. பத்து நாளைக்கு ஒரு தரம் என்று பதினான்கு மாதமாக இப்படித்தான் முப்புடாதி உயிரோடு இருக்கிறாள்.

அந்தப் பதினான்கு மாதத்தில் ஜெசிந்தா வாயைத் திறக்காமலே அவளைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது. அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்தால் நாக்கு நுனியில் முள் குத்தும். தூங்காமல் வந்தால் குடித்தவுடன் இவளுக்குக் கொட்டாவி வரும். வேலை பார்க்கிற பேக்கரியில் மக்ரூன் ஒரு தட்டு முழுக்கக் கருகிய நாளில், முப்புடாதி காரணமே தெரியாமல் அரைமணி நேரம் அழுதிருக்கிறாள்.

ஆனால் இன்றைக்கு உள்ளே இறங்கியது எதுவோ, இறங்கிய இடத்தில் நிற்காமல் துள்ளியது.

"ஏட்டி, யாரது?" என்றாள் முப்புடாதி.

"எது யாரு?"

"நடிக்காத. வயித்துக்குள்ள கெடந்து குதிக்குது. யாரையோ நெனச்சிட்டு வந்திருக்க."

ஜெசிந்தா கூரையைப் பார்த்தாள். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. "நெனச்சிட்டு வரல. நெனைக்குத ஆளத்தான் பாக்க வந்திருக்கேன்."

முப்புடாதி திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அங்ஙன தண்ணி கேன்தான் இருக்கு."

"கோட்டிக்காரி" என்றாள் ஜெசிந்தா. "அந்தத் தண்ணி கேனுக்கு முன்னால ஒருத்தி வாயெல்லாம் ரத்தமா உக்காந்திருக்கால்லா, அவளத்தான்."

அடுத்த நொடி முப்புடாதியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இந்த அடிப்பு டம்ளரிலிருந்து வந்ததா, தன்னிடமிருந்தே கிளம்பியதா? யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. சரி, எங்கிருந்து வந்தால் என்ன, வந்துவிட்டது என்று மீதியையும் குடித்துவிட்டாள். அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டுத் தீர்த்திருக்கலாம்.

முப்புடாதிக்குப் பத்தொன்பது வயதில் எலும்பு மஜ்ஜையில் நோய் வந்தது. அதற்குப் புதிதாக வந்திருந்த மரபணு ஊசியைப் போட்டார்கள். உயிர் தங்கியது, ஆனால் உடம்பு தன் ரத்தத்தைத் தானே ஊறவைக்கும் வழக்கத்தையே மறந்துவிட்டது. வயிறு மட்டும் ஒரு புது வித்தை கற்றுக்கொண்டது, மனித ரத்தத்தைக் குடித்தால் அப்படியே உறிஞ்சி நாளங்களுக்கு அனுப்பிவிடும். வெயில் பட்டால் தோல் கொப்பளிக்கும். அரசு ஆவணத்தில் இப்படிப்பட்டவர்களுக்குப் பெயர் குருதிச் சார்பினர், ஊர் வாயில் காட்டேரி. "ஒனக்குப் பேரே முப்புடாதி. ஆடு கோழி காவு வாங்குத அம்மன் பேரு. ஊசி போடாட்டாலும் நீ காட்டேரிதான்" என்று ஜெசிந்தா சொல்வாள். துறைமுகத்தில் சன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி பெட்டகம் தூக்கும் கிரேனை ஓட்டுவதுதான் முப்புடாதிக்கு வேலை. வெயிலைத் திரையில் மட்டும் பார்ப்பாள்.

மூன்று மாதம் பைத்தியமாகக் காதலித்தார்கள். கறுப்புத் திரை போட்ட முப்புடாதியின் வீட்டுக்கு ஜெசிந்தா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வருவாள், முட்டை வெள்ளையும் முந்திரியும் மணக்க மணக்க. கொண்டுவரும் மக்ரூனை முப்புடாதியால் தின்ன முடியாது. மோந்து பார்த்துவிட்டுத் தருவாள், ஜெசிந்தா தின்பாள். "நீ மோந்தத நான் திங்கேன், நான் தின்னத நீ குடிக்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதான்டீ" என்று சிரிப்பாள்.

பிறகு ஒரு நாள் ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"ஏ முப்பு, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. நீ குடிச்ச அன்னைக்கு என்ன விழுங்குத மாதிரி பாக்க. மூணாம் நாளும் அப்பிடித்தான். ஏழு எட்டுல கொறையுது. ஒம்பதாம் நாளு நான் வந்து நின்னா, கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளப் பாக்குத மாதிரி பாக்க."

"அப்பிடில்லாம் இல்லட்டி."

"நேத்து ஒம்பதாம் நாளு. கதவத் தொறந்துட்டு என்ன கேட்ட தெரியுமா? 'என்ன விஷயம்'ன்னு கேட்ட."

முப்புடாதி மறுக்கப் பார்த்தாள். ஆனால் கேட்டது உண்மைதான். நேற்று கதவைத் திறந்தபோது, வெளியே நின்ற பெண் நல்லவள் என்று தெரிந்தது, தெரிந்தவள் என்றும் தெரிந்தது, அவ்வளவுதான். இன்று காலை டம்ளரைக் காலி செய்த பிறகு அதே பெண்ணுக்காக உயிரையே விடலாம் போல இருக்கிறது. நேற்றைய முப்புடாதியும் இன்றைய முப்புடாதியும் ஒரே ஆள்தானா? இதில் எவள் பேச்சை நம்புவது?

இரண்டு பேருமாக மையத்துப் பொறுப்பாளர் ஆறுமுகநயினாரிடம் போனார்கள். அவருக்கு ஐம்பது வயது இருக்கும், எதைச் சொன்னாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போதும் துடைத்தார்.

"ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க சேந்து இருக்கதுல எங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்லம்மா. ஒரு ஆளு இன்னொரு ஆளக் குடிக்காங்க பாருங்க, அதுதான் பிரச்சனை."

"எங்கம்மைக்கு ரெண்டுமே பிரச்சனை சார்" என்றாள் ஜெசிந்தா.

"ரத்தத்துல செவப்பணு மட்டுமா வருது? பயந்தா ஒண்ணு சொரக்கும், சந்தோஷப்பட்டா ஒண்ணு சொரக்கும். குடுக்கவுங்க ஒடம்புல அந்நேரம் என்ன ஓடுதோ, அதுவும் சேந்துதான் டம்ளர்ல வருது. நம்ம வயித்துல போனா அதெல்லாம் செரிச்சிரும். இவங்க வயிறு அப்பிடியே ஏத்திக்கிடும். நாங்க இத எதிரொலிம்போம். நீங்க இவங்களப் பிரியமா நெனைக்கீங்க, அது இவங்களுக்குள்ள போவுது, இவங்க ஒங்களத் திருப்பிப் பிரியமாப் பாக்காங்க."

"அப்போ இவ என்னப் பாக்குதது, நான் என்னையே பாக்குததா சார்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சொந்தமா ஒண்ணு இருந்து, அதுக்கு மேல இது ஏறிக் கெடக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

பார்ப்பதற்கு ஒரு வழி இருந்தது, கழுவிய ரத்தம். இயந்திரத்தில் சுற்றி, சுரந்ததையெல்லாம் அலசி எடுத்துவிட்டு, வெறும் சிவப்பணுவை மட்டும் தருவார்கள். நாற்பது நாள் அதைக் குடிக்க வேண்டும். அதுவரை இருவரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. நாற்பது நாள் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் மையத்துக்கு வந்து ஆளுக்கொரு படிவத்தில் எழுத வேண்டும். உணர்வு நிலைத்திருந்தால் சேர்ந்து வாழ அனுமதி உண்டு. இல்லையென்றால் ஜெசிந்தாவின் பெயர் வேறு ஊரில் வேறு ஒருவருக்கு மாற்றப்படும், இந்த ஜோடி மறுபடி சந்திக்க முடியாதபடி. ஒருவர் வராவிட்டாலும் அதே முடிவுதான், மாலை நான்கு மணிக்குக் கோப்பு மூடப்படும்.

"ஏன் சார் இவ்வளவு கண்டிஷன்?" என்றாள் முப்புடாதி.

நயினார் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "போன வருசம் ஒரு ஜோடி. எதிரொலின்னு தெரியாமலே கல்யாணம் பண்ணிட்டாங்க. குடுத்தவருக்கு ஒரு நாளு மனசு மாறிட்டு. அவருக்கு அலுத்துப்போனது குடிச்ச பொண்ணுக்கு அவருக்கு முந்தியே தெரிஞ்சிட்டு, அதுவும் தனக்கே அலுத்த மாதிரி. யாரு யார விட்டாங்கன்னே ரெண்டு பேருக்கும் வெளங்கல. அந்தப் பொண்ணு இன்னும் எங்கிட்ட வந்து கேக்குது, நான் விட்டேனா அவரு விட்டாரான்னு."

அன்று சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் நாள். ஜெசிந்தா காலையில் கோயிலுக்குப் போய் வந்திருந்ததால் அவள் நெற்றியில் சாம்பல் சிலுவை பாதி அழிந்து கிடந்தது.

"நல்ல நாளாத்தான் பாத்திருக்கோம்" என்றாள் அவள் வெளியே வந்து. "தவக்காலத்துக்கு ஆளாளுக்கு ஒண்ண விடுவாங்க, எறச்சி, சினிமான்னு. நான் ஒன்ன விடுதேன். போனையும் அணைச்சு அம்மைட்ட குடுத்திருதேன், கையில இருந்தா அடிச்சிருவேன்." ஸ்கூட்டரில் சாவியைப் போட்டவள் திரும்பினாள். "ஏட்டி, எனக்குச் சந்தேகமே இல்ல பாத்துக்க. எம்மனசு எனக்குத் தெரியும். நீ உள்ளதச் சொல்லு, அது போதும்."

கழுவிய ரத்தத்துக்கு ருசியே இல்லை. வெந்நீரில் இரும்பாணி ஊறியது போல இருந்தது. முதல் பத்து நாளில் ஜெசிந்தாவின் ஞாபகம் வந்தால் ஏதோ லேசாக அசைந்தது. இரண்டாவது டம்ளருக்குப் பிறகு அதுவும் இல்லை. வருத்தம் வரும் என்று காத்திருந்தாள், வருத்தமும் வரவில்லை. தன் அம்மா ஃபோனில் அழுதபோது, "சரிம்மா, வச்சிரட்டுமா?" என்று கேட்டாள். கிரேன் வேலை மட்டும் பிரமாதமாக நடந்தது. ஒரு பெட்டகம்கூட இடிக்கவில்லை, உரசவில்லை. இப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்லை என்று மேற்பார்வையாளர் தோளில் தட்டினார். தட்டியது மட்டும் தெரிந்தது.

இருபத்தைந்தாவது நாள் வாக்கில் விடை முடிவாகிவிட்டது. இல்லை. காதல் இல்லை, வெறுப்பும் இல்லை. ஜெசிந்தா என்ற பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் ஒரு பேக்கரியும் ஒரு ஸ்கூட்டரும் வந்தன. இதுதான் கழுவி எடுத்த உண்மையான முப்புடாதி என்றால், போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வர வேண்டியதுதான்.

நாற்பது நாள் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. கறுப்புக் கண்ணாடி வேன் அவளைச் சரியாகப் பத்து மணிக்கு மையத்தில் இறக்கிவிட்டது. ஜெசிந்தா வந்திருக்கவில்லை.

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. நயினார் ஜெசிந்தாவின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். அணைந்திருந்தது.

"மனசு மாறிருக்குமோ என்னவோ" என்றார் இரண்டு மணிக்கு. "நீங்க என்னம்மா எழுதப் போறீங்க?"

"இல்லன்னு சார்."

"அப்போ அவங்க வந்தாலும் ஒண்ணுதான், வராட்டாலும் ஒண்ணுதான? கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்புங்க. நாலு மணி வரைக்கும் எதுக்கு உக்காரணும்?"

மிகச் சரியான பேச்சு. முப்புடாதி பேனாவை எடுத்தாள். படிவத்தைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா?"

"தெரியல சார். அவளுக்கு எதுவும் ஆயிருக்குமோ?"

"பயமா இருக்கா?"

முப்புடாதி தனக்குள் தேடிப் பார்த்தாள். "இல்ல. பயம்லாம் ஒண்ணும் இல்ல."

மூன்று மணிக்கு எழுந்து குடையை எடுத்தாள். பங்குனி வெயில், உப்பளத்து ஊர், வேன் திரும்பி வர ஐந்து மணி ஆகும். "கோட்டி பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? வெந்துருவீங்க!" என்று நயினார் கத்தியது பின்னால் கேட்டது. வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. குருதிச் சார்பினருக்கென்று அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்ததும், "சவாரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் காலியாகவே போனார். பேக்கரிக்கு ஆறு தெரு, அத்தனையையும் அவள் நடந்தே கடந்தாள். குடை மேலிருந்து வரும் வெயிலை மறைத்தது, தார் ரோட்டிலிருந்து எழும்பியதை மறைக்கவில்லை. இரண்டாவது தெருவில் புறங்கை கொப்பளித்தது. நான்காவது தெருவில் கன்னம். திரும்பிப் போய்விடு என்று அறிவு தெளிவாகச் சொன்னது. அதை எதிர்த்துச் சொல்ல உள்ளே யாருமே இல்லை. ஆனால் கால் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அது எதற்காகப் போகிறது என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

பேக்கரியின் பின்கட்டில் ஜெசிந்தா முட்டை வெள்ளையை நுரைக்க நுரைக்க அடித்துக்கொண்டிருந்தாள். கதவில் விழுந்த நிழலைப் பார்த்து நிமிர்ந்தவள், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அடிப்பாவி! மூஞ்சியெல்லாம் என்னட்டி இது! இந்த வெயில்ல எதுக்கு வந்த? பாக்கக் கூடாதுன்னு சொல்லிருக்குல்லா, இன்னும் ஆறு நாளு கெடக்கே!"

"இன்னைக்குத்தான் கடைசி. நேத்தோட நாப்பது முடிஞ்சிட்டு."

"எங்ஙன முடிஞ்சிட்டு? சனிக்கெழமதான முடியுது! ஈஸ்டர் அன்னைக்குப் பத்து மணிக்கு வரணும்னு, பூசைக்கு உடுத்த எடுத்த சேலையவே தனியா மடிச்சு வச்சிருக்கேன்."

"நீ எப்பிடி எண்ணுன?"

"எல்லாரும் எண்ணுத மாதிரிதான். சாம்பல் புதன்ல ஆரம்பிச்சு, ஞாயித்துக்கெழமையத் தள்ளிட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். மாவு அப்பிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தவசு நாப்பதுல ஞாயிறு சேராதுல்லா. ஆண்டவரோட நாளு. சின்னதுலருந்து அப்பிடித்தான் எண்ணுவோம். ஆறு ஞாயிறு."

"மையத்துல ஞாயித்துக்கெழமயும் நாளுதான்."

"அய்யோ." ஜெசிந்தா அவளைக் கதவுக்கு உள்ளே இழுத்து, ஈரத் துணியை நனைத்துக் கன்னத்தில் ஒற்றினாள். "சரி. எப்பிடியும் வந்துட்ட. சொல்லு. இருக்கா, இல்லையா?"

"இல்லட்டி."

"கொஞ்சம்கூட?"

"தேடித் தேடிப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல."

ஜெசிந்தா துணியை எடுக்கவில்லை. "பொறவு எதுக்குட்டி இந்த வெயில்ல வெந்துக்கிட்டு வந்த?"

"அதான் எனக்கும் தெரியல" என்றாள் முப்புடாதி.

மணி மூன்றே முக்கால். மைதா மூட்டைச் சாக்கை உதறி முப்புடாதியின் தலையோடு கவிழ்த்து, ஸ்கூட்டரில் ஏற்றி, ஜெசிந்தா பறந்தாள். வழியெல்லாம் இருவர் மேலும் மாவு உதிர்ந்தது. நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, நயினார் மேசையில் இரண்டு படிவங்களை வைத்தார். இரண்டிலும் ஒரே கேள்வி: இணையின் மீதான உணர்வு நிலைத்திருக்கிறதா? ஒரு பக்கம் ஆம், ஒரு பக்கம் இல்லை.

முப்புடாதி 'இல்லை'யில் குறியிட்டாள். உள்ளது அதுதான். கையெழுத்துப் போட்டு, படிவத்தைத் தள்ளினாள்.

ஜெசிந்தா பேனாவை 'ஆம்' கட்டத்துக்கு மேல் கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்தினாள். தலையைத் தூக்கி முப்புடாதியைப் பார்த்தாள்.

கொப்பளித்த கன்னம், மாவு படிந்த புருவம், எதையும் காட்டாத கண். முப்புடாதி பதிலுக்குப் பார்த்தாள். இந்தப் பார்வைக்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. அதனால் சும்மா இருந்தாள்.

"சார்" என்றாள் ஜெசிந்தா. "அந்த ஆறு நாளு எனக்கு வேணும்."

"எதுக்கும்மா? அவங்கதான் இல்லன்னு போட்டாச்சே. ஒங்களுக்குச் சந்தேகமே இல்லன்னுல்லா சொன்னீங்க?"

"அப்போ இல்ல. இப்போ இருக்கு. இத்தன மாசமும் இவ மூஞ்சில நான் என்னத்தான சார் பாத்துட்டு இருந்திருக்கேன். நான் சிரிச்சா அது சிரிக்கும். எனக்குப் பொங்குனா அதுக்கும் பொங்கும். அதத்தான் பிரியம்னு நெனச்சேன்." பேனா இன்னும் கட்டத்துக்கு மேலேயே நின்றது. "இவ யாருன்னே எனக்குத் தெரியாது. வெயில்ல நடந்து வந்தாளே, இவள இப்பத்தான் மொதமொதல்ல பாக்குதேன்."

நயினார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டார்.

"விதியில இதுக்கு எடம் இருக்கான்னு பாக்கணும். குடுக்கவங்க அவகாசம் கேக்கலாம்னு எங்கயோ படிச்ச ஞாபகம்." முப்புடாதி பக்கம் திரும்பினார். "அப்பிடியே குடுத்தாலும், நீங்களும் இங்க வந்து உக்காரணும். கழுவுன ரத்தம்தான், ஒண்ணும் தோணாது. சும்மா இவங்க எதிர்ல உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். நீங்க என்னம்மா சொல்லுதீங்க?"

முப்புடாதி உள்ளே தேடினாள். ஆசை இல்லை. நம்பிக்கை இல்லை. சலிப்புகூட இல்லை. காலியான பாத்திரத்தில் கையை விட்டுத் துழாவியது போல இருந்தது.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "எத்தன மணிக்கு வரணும்?"